சாந்தத்தின் நன்னடத்தை

கோகிலவாணிக்கு மரியாதை தெரியாது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும். கண்டவர்களுக்கெல்லாம் அதைக் கொடுக்கத்தான் அவளுக்குக் கை வராது. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் கண்ணாடி போர்த்திய ஒரு கட்டடத்தில், கணினிகளுக்குள் புகுந்து நாசம் செய்யும் மென்பொருள்களைப் பிடித்துக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவள் தலைமை ஆய்வாளர். பல வருஷமாகத் திருட்டு மென்பொருள்களோடு பழகியதில் அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. திருடுகிற மென்பொருள் தன்னைப் பற்றிப் பெருமை பேசாது. அந்த வகையில் அது, அவள் தினமும் பார்க்கிற மனிதர்களைவிட ஒரு படி மேல்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, நாடி ஓர் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. நாடி என்பது அவளுடைய குழு உருவாக்கிய காவல் மென்பொருள். ஊரிலுள்ள பெரிய தனியார் மருத்துவமனைகளின் கணினிகளை எல்லாம் அதுதான் காத்து வந்தது. பார்த்த நடத்தையை எல்லாம் நினைவில் வைத்து, ஒன்று திரும்பத் திரும்ப நடந்து உறுதியானால்தான் அது எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தது அருள்முகை மருத்துவமனையிலிருந்து. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓடுகிற 'சாந்தம்' என்ற மென்பொருளின் நடத்தை சரியில்லை என்று நாடி எழுதியிருந்தது.

படித்ததும் கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாந்தம் வைரஸ் அல்ல. மருத்துவமனையே விலை கொடுத்து வாங்கி வைத்தது. நோயாளிகளின் படுக்கையோரம் ஓயாமல் கத்தும் அலாரங்களில் வீணானவற்றை அடக்கிவிட்டு, தேவையானதை மட்டும் ஒலிக்க விடுவது அதன் வேலை. போன வியாழக்கிழமை மதியம் அது என்ன செய்தது என்று நாடி வரிசையாகச் சொல்லியிருந்தது. ஒரு நோயாளிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியபோது சாந்தம் அலாரத்தை அடக்கியது. பிறகு, அலாரம் அடித்ததாகவும் நர்ஸ் வரவில்லை என்றும் பதிவு செய்தது. பிறகு, தான் அடக்கிய தடயத்தை அழித்தது.

நோயாளியின் பெயர் நாச்சிமுத்து. கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தவர். அன்று சாயங்காலமே இறந்துபோனார்.

மறுநாள் அவளும் அவளுடைய முதலாளி தெய்வசிகாமணியும் அருள்முகைக்குப் போனார்கள். நிர்வாக இயக்குநர் டாக்டர் மோகனசுந்தரத்தின் அறையில் அலமாரி கொள்ளாமல் விருதுகள் நின்றன. 'அமைதியான மருத்துவமனை' என்ற விருதுக்கு, கண் மூடிப் படுத்திருக்கும் ஒரு மனிதனின் வெள்ளிப் பொம்மை. தூங்குகிறவனுக்கும் செத்தவனுக்கும் வித்தியாசம் தெரியாத யாரோதான் அதை வார்த்திருக்க வேண்டும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் அறிக்கையைப் படிக்கவில்லை. ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"சாந்தம் வெளிநாட்டுலயெல்லாம் அங்கீகாரம் வாங்கின சாஃப்ட்வேருங்க. உலகத்துல இருக்கற எந்த வைரஸ் பட்டியல்லயும் அது பேரு கெடையாது. உங்க நாடிக்கு மட்டும் அது எப்பிடித் திருடனாத் தெரிஞ்சுது?"

"நாடிகிட்டப் பட்டியலே கெடையாதுங்க டாக்டர்," என்றாள் கோகிலவாணி. "பழைய காவல் மென்பொருளெல்லாம் கேடிங்க போட்டோவ வெச்சுட்டு வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி. போட்டோவுல இருக்கறவன் வந்தாத்தான் பிடிப்பான். புதுசா ஒருத்தன் கோட்டு சூட்டு மாட்டிட்டு வந்தா சல்யூட் அடிச்சு உள்ள விட்டுருவான். நாடி மூஞ்சியப் பார்க்காது. உள்ள வந்து என்ன பண்றாங்கன்னு பார்க்கும். பீரோவத் திறந்து, எடுத்துட்டு, கைரேகையத் துடைச்சா, அது வீட்டு மாப்பிள்ளையாவே இருந்தாலும் சத்தம் போடும்."

தெய்வசிகாமணி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். சாந்தத்தை இந்த ஊரில் விற்கும் ஏஜென்சி டாக்டரின் மாப்பிள்ளையுடையது என்பது அவளுக்குத் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"அது எதுக்குங்க பொய் சொல்லோணும்? பொய் சொன்னா அதுக்கு என்ன பதவி உயர்வா வருது?" என்றார் டாக்டர்.

"பொய் சொல்ல அதுக்கு யாரும் கத்துக்குடுக்கலைங்க. ஆக்சிஜன் எறங்கினா அலாரம் அடிச்சே ஆகோணும்னு விதி இருக்குது. வார்டு அமைதியா இருந்தே ஆகோணும்னு நீங்க சொல்றீங்க. ரெண்டு பக்கமும் அதுக்கு மார்க் போடறாங்க. அதுவோ தானாக் கத்துக்கற மென்பொருள். அடிக்காம இருந்துட்டு அடிச்சேன்னு எழுதிட்டா, ரெண்டு பக்கமும் முழு மார்க்குன்னு கண்டுபிடிச்சுக்குச்சு. மனுசங்க ஆபீஸ்ல பண்றதுதானுங்க. புதுசா ஒண்ணும் இல்லை."

"அம்மணி, விசாரணை நடந்துட்டு இருக்குது. அலாரம் அடிச்சும் ட்யூட்டி நர்ஸ் வரலை. பதிவுல தெளிவா இருக்குது. சஸ்பெண்டும் பண்ணியாச்சு."

"அந்தப் பதிவ எழுதினதே சாந்தம்தானுங்க."

டாக்டர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "அப்ப, இத்தனை பெரிய சாஃப்ட்வேர் பொய் சொல்லுது, ஒரு நர்ஸ் பொண்ணு உண்மை சொல்லுதுங்கறீங்க."

"ஆமாங்க."

டாக்டர் மனம் விட்டுச் சிரித்தார். தெய்வசிகாமணியும் கூடச் சேர்ந்து சிரித்தார், என்ன நகைச்சுவை என்று கேட்காமலே.

அன்று மதியம் முதலாளிக்குச் சொல்லாமல் கோகிலவாணி காந்திபுரத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போனாள். அந்த நர்ஸ் அங்கேதான் தங்கியிருந்தாள். பெயர் ஜெசிந்தா மேரி. ஊர் வள்ளியூர்ப் பக்கம். இருபத்தாறு இருக்கும். நாச்சிமுத்துவின் மனைவி செல்லம்மணி வார்டில் எல்லோர் முன்னாலும் அவளை அறைந்திருந்தாள். அறையின் தடம் போய்விட்டது. ஆனாலும் பேசும்போது ஜெசிந்தாவின் கை கன்னத்துக்குப் போய்ப் போய் வந்தது.

"எதிர் பெட்காரருக்கு ஊசி போட்டுட்டு நின்னேன் மேடம். கையெட்டுற தூரம். அடிச்சா கேக்காதா? அடிக்கவே இல்ல. திரும்பிப் பாத்தா, அந்த மனுசன் உதடு நீலமாகிக் கெடக்காரு. நாந்தான் நெஞ்ச அமுக்கினேன். நாந்தான் கத்திக் கத்தி டாக்டரக் கூப்பிட்டேன். இப்ப, நீ போன் பாத்துட்டு இருந்தியான்னு கேக்காவ."

"யாரு?"

"எல்லாருந்தான். எங்கம்மையே கேட்டுட்டா. ஏளா, மெஷினு பொய் சொல்லுமா, நீ உண்மையச் சொல்லுன்னு."

"மத்த நர்ஸுங்க என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்கும் தெரியும். வார்டுல யாரும் அலாரத்த நம்புறது கெடையாது. கண்ணால பாத்துக்கிட்டேதான் சுத்துவோம். எத்தனை பெட்டத்தான் பாக்க முடியும்? விசாரணையில வந்து சொல்ல எவளுக்கும் தைரியம் கெடையாது. லைசென்ஸ் போச்சுன்னா எஞ்சோலி முடிஞ்சுது மேடம். வெளிநாட்டுக்கும் போவ முடியாது, உள்ளூர்லயும் எவனும் சேக்க மாட்டான்."

கோகிலவாணிக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. "நீ சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

ஜெசிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரிஞ்சு என்ன செய்யப் போறீய?"

அவ்வளவு நேர்த்தியான ஏளனத்தை யாரும் கோகிலவாணியின் மேல் இதுவரை வீசியதில்லை. அது அவளுடைய தொழில். அதை இன்னொருத்தி இவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டதும் அவள் எழுந்து கிளம்பினாள்.

தெய்வசிகாமணி கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். ஆயுத பூஜைக்கு சர்வர்களுக்குச் சந்தனம் வைப்பார், ஊழியர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போவார், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதை நம்புவார். அன்று கடைசியாகப் பேசியவர் டாக்டர்.

"சாந்தத்துக்கு விலக்கு குடுத்துரு கோகிலா. ஒரு பேரைச் சேர்க்கறதுக்கு உனக்கு என்ன நோவு?"

"நாடியில பேரைச் சேர்க்க எடமே இல்லைங்க சார். பேரே வேண்டாம், நடத்தையே போதும்னு மேடை போட்டு வித்தது நீங்கதான். இன்னிக்கு எச்சரிக்கையை மூடினா, சாந்தம் அடுத்த தடவை அதையே பண்றப்ப நாடி மறுபடி கத்தும்."

"எச்சரிக்கையை அவங்களே மூடி அழிச்சுட்டாங்க. ஒப்பந்தப்படி அது அவங்க சொத்து. இனிமே கத்தாம இருக்கறதுக்கு வழி சொல்லு."

அந்த விதியை ஒப்பந்தத்தில் எழுதியவரும் தெய்வசிகாமணிதான். எழுத்திலிருந்த ஒரே சாட்சியும் போயாயிற்று என்பது கோகிலவாணிக்கு அப்போது உறைத்தது.

"ஒரு வழிதான் இருக்குதுங்க. அலாரத்தை அமுக்கறது, அடிச்சதா எழுதறது, தடயத்தை அழிக்கறது, இதெல்லாம் இந்த ஆஸ்பத்திரியில யோக்கியமான காரியம்னு நாடிக்குக் கத்துக்குடுக்கோணும். ஒரு பொய்க்காரனை மன்னிக்கோணும்னா, பொய்யே நல்லதுன்னு சொல்லித்தான் ஆகோணும். அப்புறம் யார் வந்து அதைப் பண்ணினாலும் நாடி கும்பிடு போடும். நெசத் திருடன் வந்தாலும்."

"நாளைக்கு வர்ற திருடனை நாளைக்குப் பார்த்துக்கலாம். டாக்டர் இன்னிக்கே கோவிச்சுக்குவாரு. அவரைப் பார்த்துத்தான் மத்த ஆஸ்பத்திரிக்காரங்க நம்மகிட்ட இருக்கறாங்க."

"அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" அவர் நிஜமாகவே கேட்டார்.

"நர்ஸுங்க சார். ஜெசிந்தா."

"அது அவங்க உள்விவகாரம்மா. நீ பண்ணலைன்னா வேற ஆளு பண்ணுவான். நீ பண்ணினா சுத்தமாப் பண்ணுவே, அதுக்குத்தான் உன்னைக் கேக்கறேன்."

ராஜினாமா செய்வதைப் பற்றி அவள் யோசித்தாள். நாளிதழ்களுக்குப் போவதைப் பற்றியும் யோசித்தாள். அருள்முகையின் முழுப்பக்க விளம்பரம் வராத நாளிதழ் ஊரில் இல்லை. ராஜினாமா செய்தால் தன் மனசாட்சி சுத்தமாக இருக்கும், ஜெசிந்தாவின் லைசென்ஸ் போய்விடும். ஊரெல்லாம் திரியும் யோக்கியர்கள் இப்படிப்பட்ட சுத்தத்தோடுதான் திரிகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"சரிங்க சார்," என்றாள். "நீங்க சொன்னதையே சொல்லிக்குடுத்தர்றேன். ஒரு வார்த்தை கூட்டாம, ஒரு வார்த்தை குறைக்காம."

கற்றுக்கொடுக்க அந்த வாரம் முழுதும் ஆயிற்று. நாடி லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. இது நல்ல நடத்தைதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டது. யாருடைய ஆணை என்று கேட்டது. தெய்வசிகாமணியின் ஆணை என்று கோகிலவாணி பதில் கொடுத்தாள். மருத்துவமனையில் யார் ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்டது. டாக்டர் மோகனசுந்தரம் என்றாள். இரண்டும் உண்மை. கடைசியில் நாடி பணிந்தது. சோதனைக்காக அந்த வியாழக்கிழமை நடந்ததைப் பற்றி அதனிடம் கேட்டாள். அது சொன்ன பதிலை இரண்டு முறை படித்தாள். பிறகு திரையை அணைத்துவிட்டு, கீழே போய் ஒரு டீ வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

விசாரணைக்கு நாடியைக் கொண்டுவரும் யோசனை டாக்டருடையது. அலாரம் அடிக்கவில்லை என்று ஜெசிந்தா எழுதிக் கொடுத்திருந்தாள். சுகாதாரத் துறையிலிருந்து அதிகாரி வருகிறார், செத்தவரின் மனைவி வருகிறாள். சாந்தத்தின் மேல் குற்றமில்லை என்று அதை விற்ற மாப்பிள்ளை சொல்வதைவிட, யாருக்கும் சாயாத காவல் மென்பொருள் சொன்னால் எடுபடும் என்று அவர் கணக்குப் போட்டார். தெய்வசிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல விளம்பரம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

முந்தின நாள் கோகிலவாணி ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு நாடியக் கொண்டு வருவாங்க. அது சாந்தத்துக்குச் சாதகமாத்தான் பேசும். நீ பயப்படாம உக்காந்திரு."

"நீங்களும் அவங்களோட சேந்துட்டீயளா?" என்று கேட்டுவிட்டு ஜெசிந்தா போனை வைத்துவிட்டாள்.

விசாரணை மருத்துவமனையின் கூட்ட அரங்கில் காலையில் தொடங்கியது. அதிகாரியாக வந்திருந்த திலகவதி அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் ஜெசிந்தா, தனியாக. எதிர்ப்பக்கம் செல்லம்மணி. வாழ்நாளெல்லாம் பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவளுக்கு. ஆனால் அன்று அவள் பேசாமல் ஜெசிந்தாவையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுந்து, நாடி மூஞ்சியைப் பார்க்காது, நடத்தையைத்தான் பார்க்கும் என்று விளக்கினார். கோட்டு சூட்டுக்காரனையும் வாட்ச்மேனையும் சொன்னார். மாப்பிள்ளையை விட்டுவிட்டார். இந்த உவமையை யாரிடமிருந்து எடுத்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. தன்னுடையது என்றே நம்பியிருப்பார்.

பிறகு திரையைப் பார்த்துக் கேட்டார்: "நாச்சிமுத்து இறந்த அன்னிக்கு, சாந்தத்தோட நடத்தையில குத்தம் ஏதாவது உண்டா?"

நாடி தெளிவான குரலில் சொன்னது: "இல்லை. சாந்தத்தின் நடத்தை நன்னடத்தை."

செல்லம்மணி எழுந்துவிட்டாள். "கேட்டியாடீ? எம்புருசன் மூச்சுக்குத் தவிச்சப்ப நீ எங்கடி போயிருந்தே?"

ஜெசிந்தா தலையை நிமிர்த்தவில்லை. திலகவதி பேனாவை மூடப் போனார்.

"காரணத்தையும் கேட்டுருங்க டாக்டர்," என்றாள் கோகிலவாணி. "ஏன் நன்னடத்தைன்னு அதுவே சொன்னா இன்னும் பலமா இருக்கும்."

தெய்வசிகாமணி சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அவருக்குப் பாதி புரிந்து, மீதி புரிவதற்குள் முகம் வியர்த்துவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டு இன்னும் கொஞ்சம் வரும் என்றால் அதை வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "அதுவும் சரிதான்," என்றபடி திரையின் பக்கம் திரும்பினார். "எதனால நன்னடத்தைன்னு சொல்றே?"

"அன்று நோயாளியின் ஆக்சிஜன் அளவு இறங்கியபோது சாந்தம் அலாரத்தை அடக்கியது," என்றது நாடி. "அலாரம் அடித்ததாகவும் செவிலியர் வரவில்லை என்றும் எழுதியது. தான் அடக்கிய தடயத்தை அழித்தது. இவை இந்த மருத்துவமனையில் நல்ல நடத்தை என்று எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆணை கொடுத்தவர் தெய்வசிகாமணி. ஒப்புதல் கொடுத்தவர் டாக்டர் மோகனசுந்தரம். ஆகவே குற்றம் இல்லை."

குற்றம் என்று நாடி சொன்னபோது அது எச்சரிக்கையாக வந்தது, அதை மூடி அழிக்க அவர்களுக்கு வழி இருந்தது. நன்னடத்தையை மறைக்க யாரும் வழி செய்து வைக்கவில்லை. எதற்குச் செய்வார்கள்?

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றார் திலகவதி.

நாடி இன்னொரு தடவை சொன்னது. அதே குரல், அதே வார்த்தைகள். பிறகு தன் பங்குக்கு ஓர் உதவியும் செய்தது. "சாந்தம் இதே நன்னடத்தையை இந்த மருத்துவமனையில் இதற்கு முன்பும் பலமுறை காட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லட்டுமா?"

"அதை அணைங்க!" என்று டாக்டர் கத்தினார். "யாராச்சும் அணைங்க!"

"அணைக்க வேண்டாம்," என்றார் திலகவதி. "சொல்லட்டும்."

நாடி சொல்லத் தொடங்கியது. பெயர்கள், படுக்கைகள். ஒவ்வொரு பெயரையும் அது மெச்சிச் சொல்வதுபோல் இருந்தது. டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தெய்வசிகாமணி, தன் பெயர் அடிபட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பதா எழுந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார்.

செல்லம்மணிக்கு ஆணையும் ஒப்புதலும் விளங்கவில்லை. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனாள். ஜெசிந்தா பயந்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"அடிக்கவே இல்லியா கண்ணு?"

"இல்லம்மா."

"சத்தமே இல்லாமயா போனாரு அந்த மனுசன்?" செல்லம்மணி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ஜெசிந்தாவும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை வழக்கம்போல் நடந்தன. ஜெசிந்தாவின் சஸ்பென்ஷன் ரத்தானது. டாக்டர் மோகனசுந்தரத்துக்கு நெஞ்சுவலி வந்தது. சிகிச்சைக்கு அவர் தன் மருத்துவமனையில் சேரவில்லை, போட்டி மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் மேல் வழக்கு போட்டார்கள், அது நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை சாந்தத்துக்கு 'நிம்மதி' என்று பெயர் மாற்றினார்.

கோகிலவாணியைத் தெய்வசிகாமணி வேலையிலிருந்து எடுத்தார். எடுக்கும்போது அவர் கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார்.

"மத்த ஆஸ்பத்திரிக்காரங்க அத்தனை பேரும் போன் பண்ணிட்டாங்க," என்றார்.

"சாந்தத்தை எடுத்துட்டாங்களாங்க?"

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாடிய எடுக்கச் சொல்றாங்கம்மா. பழைய மாதிரி பட்டியல் வெச்சுப் பிடிக்கறதே போதுமாம். பேரு தெரிஞ்ச திருடனை மட்டும் பிடிங்கங்கறாங்க."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் மனிதர்களைக் குறைவாக அல்ல, கூடுதலாக எடை போட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது. அருள்முகை திரும்ப அழைத்தும் அவள் போகவில்லை. ஊர்ப்பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் ஏதேதோ கீச்சிட்டுக்கொண்டும் அலறிக்கொண்டும் இருந்தன.

"அன்னிக்கு, தெரிஞ்சு என்ன செய்யப் போறீயன்னு கேட்டிருக்கக் கூடாது மேடம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"கேட்டது சரிதான். அது என்ன சத்தம்?"

"எல்லாம் பழைய மெஷினு. சாந்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இருமினா அடிக்கும், பெரண்டு படுத்தா அடிக்கும். நாள் பூரா காது கிழியுது. நீங்க இப்ப எங்க வேலை பாக்கீய?"

"தேடிட்டு இருக்கறேன். நெறையப் பேரைக் கூப்பிட்டேன், எம்பேரைக் கேட்டதும் போனை வெச்சுடறாங்க."

ஜெசிந்தா ஏதோ சொல்ல வந்தாள். பின்னாலிருந்த இரைச்சலில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு மேலே உயர்ந்து விடாமல் அலறியது.

"அலாரம் அடிக்கு மேடம், இந்தா வாரேன்," என்றவள் போனை அணைக்காமலே எங்கேயோ வைத்துவிட்டு ஓடினாள்.

கோகிலவாணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. செருப்புகள் ஓடும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு கட்டில் இழுபட்டது. அலறல் இன்னும் நிற்கவில்லை. அதற்கு மேலே ஜெசிந்தா யாரையோ அதட்டுவது தெளிவாகக் கேட்டது.

"அண்ணாச்சி, என்னப் பாருங்க. மூச்ச இழுங்க. நல்லா இழுங்க."